வைத்தியச் சபையின் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய வைத்தியப் பரிசோதனைச் சபையின் தலைவர் அவர்களுக்கு,

க்ஷயரோகம் கண்டு, சானடோரியத்துக் கட்டிலில் நெடுங்காலம் கிடந்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் பி.ஏ.எஸ். பொடியின் குமட்டலும் பழகி, கோழையில் கிருமி இல்லை, எக்ஸ்ரே படத்தில் புண் ஆறிவிட்டது என்ற அத்தாட்சிகளோடு திரும்பியிருக்கும் ஒரு குமாஸ்தா பணிவுடன் எழுதிக்கொள்வது. பிழைத்து வந்ததற்காக முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நான் காலமாகியிருந்தால் இலாகாவின் காரியம் ஒரே பைலோடு முடிந்திருக்கும் என்பதும், உயிரோடு வந்து நிற்பதனாலேயே இரண்டாவது பைல் திறக்க நேர்ந்தது என்பதும் நான் அறியாதவை அல்ல.

நோயின் பேரில் லீவு எடுத்தவன் தேகசௌக்கிய அத்தாட்சி இல்லாமல் உத்தியோகத்துக்குத் திரும்பலாகாது என்னும் அடிப்படை விதி 71-ஐ நான் ஆக்ஷேபிக்க வரவில்லை. லீவு பெறுவதற்காக நோய் உண்டென்று நிரூபித்த நான், சம்பளம் பெறுவதற்காக அது இல்லையென்று நிரூபிப்பது நியாயமே. ஆனால் சபையார் இரண்டாவது மாடியில் வீற்றிருக்கிறார்கள், லிப்ட் கிடையாது. மூச்சிரைக்க ஏறி வந்தவனை, இவன் இன்னும் தேறவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரைக்காமல் ஏறி வந்தவனையோ, இத்தனை திடகாத்திரமானவன் அத்தனை மாதம் ஏன் லீவில் இருந்தான் என்று விளக்கம் கேட்கிறார்கள். ஆகவே எத்தனையாவது படியில் எவ்வளவு இரைத்தல் உத்தமம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால், என் போன்றவர்கள் அப்பியாசம் செய்துகொண்டு வர அனுகூலமாயிருக்கும்.

என்னைக் குணப்படுத்திய டாக்டர், சில மாதங்களுக்கு இலேசான வேலை கொடுத்து, பிறகு படிப்படியாக முழு வேலைக்குக் கொண்டுவரலாம் என்று எழுதிக் கொடுத்தார். பாவம், அவர் நுரையீரலை அறிந்தவரே தவிர சபையின் அத்தாட்சி நமூனாவை அறிந்தவர் அல்லர். தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்ற இரண்டு கட்டங்களே அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. தேறிக்கொண்டிருக்கும் மனிதன் நிற்பதற்கு நடுவில் இடமில்லை. சீமையில், பிரிம்லி சானடோரியத்தில் மார்க்கஸ் பாட்டர்சன் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நோயாளிகளை முதலில் நடக்கவிட்டு, பிறகு சிறு கூடையில் மண் சுமக்கச் செய்து, பிறகு மண்வாரியும் பிக்காசும் கொடுத்து, உடம்பின் சூட்டைப் பார்த்துப் பார்த்து வேலையை ஏற்றினார். வாரியர்-ஜோன்ஸ் என்ற மற்றொரு வைத்தியர் 1918-இல் பாப்வொர்த் கிராமத்தில் நோய் தணிந்தவர்களைக் குடும்பத்தோடு குடியேற்றி, தச்சு வேலையும் பெட்டி செய்யும் வேலையும் அவரவர் சக்திக்குத் தக்கபடி கொடுத்துக் கூலியும் கொடுத்தார். மண்ணுக்கு அளவு உண்டு, மரத்துக்கு அளவு உண்டு. காகிதம் ஒன்றுதான் அளந்து கொடுக்க முடியாத அபார பளுவுள்ள வஸ்து என்பதைத் இலேசான வேலை இல்லை என்ற தங்கள் பதிலைப் படித்த பின்பே தெரிந்துகொண்டேன்.

தூர தேசத்துச் சங்கதி வேண்டாமென்றால், நமது சேத்துப்பட்டு க்ஷயரோக நிலையத்தில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சியைச் சொல்லலாம். சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வசித்த நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றவர்களை வீட்டிலேயே இருத்தியும், ஒரே விதமான மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். அரைகுறைச் சாப்பாடும் குறைந்த ஓய்வுமாய் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-இல் முடிவு வெளிவந்தது. அவர்களோடு கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகப்படியான தீங்கு நேரவில்லை. அப்படியிருக்க, எங்கள் ஆபீசில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்து, முன்பு நான் தொட்ட பைலை வெயிலில் காயவைத்து எடுக்கும் தலைமைக் குமாஸ்தா அவர்களின் விஞ்ஞான ஞானம் எந்தச் சர்வகலாசாலையில் சம்பாதிக்கப்பட்டது என்று விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. (அவர் பைல் காயவைப்பதால் எங்கள் பிரிவில் கரையான் குறைந்திருக்கிறது என்பதையும் நேர்மையின் பொருட்டுக் குறிப்பிட வேண்டும்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். இலேசான வேலை என்ற ஒன்று இந்த இலாகாவில் இல்லவே இல்லை என்று சபையார் தீர்மானமாக எழுதியிருக்கிறார்கள். அது உண்மைக்கு மாறானது என்று சொல்லத் துணியேன். ஆயினும் நுரையீரலில் ஒரு மாசுமின்றி, எந்த அத்தாட்சியும் இன்றி, பதினொரு மணிக்கு வந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, டிபனுக்குப் பின் மூன்று மணி வரை மின்விசிறியின் கீழ் ராஜாங்கக் காரியங்களைக் கண்மூடிச் சிந்தித்து, நாலரைக்குக் குடையை எடுத்துக்கொள்ளும் சில பெரியோர்களை நான் சர்வீசில் சேர்ந்த நாள் முதல் தரிசித்து வருகிறேன். அவர்களுடைய வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்று சபையார் தயைகூர்ந்து நிர்ணயித்து, அதே வேலையைச் சில மாதங்களுக்கு மட்டும், முறையான வைத்திய அத்தாட்சியின் பேரில், எனக்கும் வழங்குமாறு பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஊழியன்,
லீவு முடிந்தும் வேலை தொடங்காத ஒரு குமாஸ்தா