சனிக்கிழமை அண்ணாச்சி

தென்காசியில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் போகாதீர்கள். ஆள் இருப்பார். ஆனால் பழைய துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, நெற்றி முதல் உள்ளங்கால் வரை மினுமினுத்தபடி, புறவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நன்றாகவே பேசுவார். காப்பி கொடுக்கச் சொல்வார். கை மட்டும் குலுக்க முடியாது.

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார் என்பதால் பேர் வேண்டாம்; சனிக்கிழமை அண்ணாச்சி என்றால் போதும். என் பக்கத்து வீட்டில் இருப்பவர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் ஒரு ஃபைலையாவது இத்தனை சிரத்தையாக முடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். எண்ணெய்க் குளியலில் மட்டும் ஒரு படி பிசகாது. புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்பது பழைய கணக்கு. புதன்கிழமைக் குளியலைச் சளியை முன்னிட்டுக் கைவிட்டு விட்டார். அந்தப் பாக்கியும் சேர்த்துச் சனிக்கிழமையில் வசூலாகும்.

வேலை வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். கடையில் பாக்கெட்டில் விற்கிற நல்லெண்ணெயை அவர் எண்ணெய் என்றே ஒத்துக்கொள்வதில்லை. செக்குக்கே நடந்து போய், விரலால் தொட்டு, முகர்ந்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, அரை லிட்டர் வாங்கி வருவார். வருகிற வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "வைத்தியனுக்குக் கொடுக்கிறத வாணியனுக்குக் கொடும்வே" என்பார். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று என்று வைத்தியருக்கும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எண்ணெய்ப் பாத்திரமும் மாத்திரை டப்பாவும் ஒரே அலமாரியில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

மறுநாள் நடப்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். "எண்ணெயில நாலு மிளகு, கொஞ்சம் சீரகம், ஒரு பல்லு பூண்டு விழும். ஒரு அரிசி பொரிஞ்சா பதம். ஆறினதும் தேச்சு ஒரு மணி நேரம் ஊறணும். அதுக்குள்ள வெந்நி கொதிச்சிரும். சீயக்காய் வடிகஞ்சியில கரைஞ்சிரும். குளிச்சிட்டு வந்தா மிளகு ரசமும் பருப்புத் துவையலும் ஆயிருக்கும்." கவனித்தீர்களா? எல்லாம் தானாக விழுகிறது, கொதிக்கிறது, கரைகிறது, ஆகிறது. செய்கிறவரைச் சொல்லாமலே ஒரு குளியலைத் தலை முதல் கால் வரை சொல்லி முடிக்கிற வசதி நம் தமிழில் இருக்கிறது. அண்ணாச்சியின் வாக்கியங்களில் விட்டுப்போகிற அந்த எழுவாய்க்கு மயினி என்று பேர்.

அண்ணாச்சியின் மனைவியான அந்த மயினிக்கும் எண்ணெய்க் குளியல் உண்டு, வெள்ளிக்கிழமை. உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்துக்கொண்டு, அது ஊறுகிற நேரத்துக்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, இட்லி அவித்து, பால்காரனுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு உள்ளே போவார். ஏழாவது நிமிஷம் ஈரத்தலைத் துண்டோடு சட்னி தாளிக்கிற சத்தம் கேட்கும். இதை அவர் குளியல் என்று சொல்வதுகூட இல்லை. "தலைக்குத் தண்ணி ஊத்தினேன்" என்பார்.

மகன் கீசர் வாங்கி அனுப்பினான். பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது. "அதுல சூடு வரும்வே, பதம் வராது" என்று அண்ணாச்சி தீர்த்துவிட்டார். 'சனி நீராடு' என்ற ஔவையாரையும் சாட்சிக்கு இழுப்பார். ஆத்திசூடியில் வருகிற சனி கிழமையே இல்லை, குளிர்ந்த நீர் என்று பொருள் சொல்கிறவர்களும் உண்டென்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு வாரம் அந்த வீட்டிலிருந்து எனக்குக் காப்பி வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் எங்கெங்கோ இருந்து வேனும் காருமாக வந்து குவிகிறார்கள். ராஜாஜியும் கல்கியும் வந்து போன ஊர், ரசிகமணி டி.கே.சி. குடியேறி, கடைசி மூச்சு வரை இருந்த ஊர். அண்ணாச்சிக்கு அருவி என்றால் வெளியூர்க்காரர்கள் விவகாரம். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் ஆளைத் தள்ளுகிற அந்தக் காற்றே அவருக்குப் போதும். அதற்கும் மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் போவார்.

கேட்டால் குற்றாலநாதரைக் காட்டுவார். அங்கே பெருமாளாக நின்றவரை அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அழுத்தியதில் சுவாமிக்குத் தலைவலியாம். அதற்காக மூலிகை போட்டுக் காய்ச்சிய தைலம் சாத்துகிறார்கள். பக்கத்திலேயே அருவி விழுகிற குளிர்ச்சிக்குக் கஷாயமும் நைவேத்தியம். "அருவி வாசல்ல குடியிருக்கிற சாமியே எண்ணெய்க்கும் கஷாயத்துக்கும் வந்துட்டாரு. நான் எந்த மூலைக்கு?" என்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்கும் என்று தோன்றவில்லை. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட நாளில், தானே வழக்காடி ஜெயித்தவர் மாதிரித் தெருவில் நடந்தார்.

குளித்த பிறகு பத்தியம். மோர் ஆகாது, இளநீர் ஆகாது, பகல் தூக்கம் அறவே ஆகாது. மத்தியானம் சாய்வு நாற்காலியில் வாய் லேசாகத் திறந்திருக்க, சீராக ஒரு சத்தம் வரும். எழுப்பினால், "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார். பிரானூர் பார்டரிலிருந்து யாராவது பரோட்டாவும் பொரித்த கோழியும் வாங்கி வந்துவிட்டால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து தம்பி மகள் வந்தாள். சனிக்கிழமைச் சடங்கு முழுவதையும் புறவாசல் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுக்குத்தான் எங்க ஊர்ல செல்ஃப் கேர்னு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்குறாங்க" என்றாள். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. செல்ஃப் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "பெரியம்மா, நீங்க கடைசியா எப்போ அருவியில குளிச்சீங்க?" என்றாள். மயினி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். கல்யாணமான வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டரை இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, வெந்நி ஆயிட்டா?" என்று குரல். பதில் இல்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. பிறகு, "வே, வீட்லயா இருக்கீரு? கொஞ்சம் வாரும்."

போனேன். காய்ச்சி ஆறவைத்து மூடிவைத்திருந்த எண்ணெயை, யார் எப்போது வைத்தார்கள் என்றுகூட யோசிக்காமல் தேய்த்துக்கொண்டு ஒரு மணி நேரமாக ஊறிக்கொண்டிருக்கிறார். புருவத்திலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திண்டில் செல்போன் அடித்தது. எண்ணெய் விரலுக்கு அது மசியவில்லை. மூன்று தடவை தடவிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் ஓவென்று அருவிச் சத்தம். அதற்கு மேலே தம்பி மகளின் குரல்.

"பெரியப்பா! ஐந்தருவியில இருக்கோம்! தண்ணி சூப்பரா விழுது! நாலு மணிக்கே வந்துட்டோம். பெரியம்மா வெளிய வரவே மாட்டேங்கிறாங்க, இது மூணாவது தடவை!"

"வெந்நி…" என்று தொடங்கினார். அந்தச் சத்தத்தில் அங்கே எதுவும் கேட்டிருக்காது. போன் அணைந்தது.

அண்ணாச்சி எழுந்து, தரையில் வழுக்காமல் ஒவ்வோர் அடியாக வைத்து அடுப்படி வாசல் வரை போனார். அங்கேயே நின்று, புது ஊருக்கு வந்தவர் மாதிரி உள்ளே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக் கேட்டார்:

"அடுப்ப எந்தப் பக்கம்வே திருகணும்?"