குமிழைத் திருப்பிய கைகளுக்கு நன்றி

பெறுநர்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புது தில்லி.
பொருள்: நேயர்களுக்கு நல்ல நிலையம் காட்டித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

ஜனங்கள் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று கண்டறிய ஆகாசவாணியில் நேயர் ஆய்வுப் பிரிவு என்றே ஒன்று உண்டு. பாவம், அவர்களைப் படிவமும் கையுமாக அலைய விடாதீர்கள். காரணம் தாங்களேதான்.

1952-இல் தங்கள் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் அதை அருகிப்போகச் செய்தார். ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்புவார்கள் என்பது கணக்கு. ஜனங்கள் குமிழைத் திருப்பினார்கள். முள் கொழும்பில் போய் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலா ஆரம்பம். பினாகா என்ற ஒரு பற்பசைக்கு இவ்வளவு பெரிய விளம்பர உதவியை எந்த அரசும் இலவசமாகச் செய்ததில்லை. போனவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கினீர்கள்.

அதற்குள் எங்கள் பக்கத்து டீக்கடைகள் கொழும்புக்குக் குடிபோய்விட்டன. பிறகு அங்கிருந்த அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று குரலுக்காகவே கேட்டோம். நேயர் விருப்பத்தில் பாட்டு மூன்று நிமிஷம். அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் அதைவிட நீளம். அக்காள், தம்பி, அத்தை மகன், அடுத்த வீட்டுக்காரர் என்று ஒரு தெருவே ஓர் அஞ்சலட்டையில் ஏறி வரும். நம்மூர்ப் பெயர் வருகிறதா என்றுதான் காது காத்திருக்கும், பாட்டு அப்புறம். ஆய்வுப் பிரிவு இதைக் குறித்துக்கொள்ளலாம்.

2001-இல் தனியார் எஃப்.எம். வந்தது. டி.வி.யில் நாளெல்லாம் செய்தி என்ற பெயரில் சண்டை போடலாம், எஃப்.எம். மட்டும் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, மின்தடை ஆகியவை தங்கள் விதிப்படி செய்தியே அல்ல. வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பவனுக்கு மின்தடையைவிடப் பெரிய செய்தி எது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக, எல்லா நிலையத்திலும் அதே பாட்டு, அதே சிரிப்பு. விளம்பரம் வந்தால் அடுத்த நிலையத்துக்குத் தாவுகிறோம். அங்கே வேறு விளம்பரம். நகைக்கடை வேண்டுமா, மனை வேண்டுமா என்பதுதான் இன்றைய நேயர் விருப்பம்.

அதுவும் குமிழ் நம் கையில் இருந்தால்தான். பஸ்ஸில் அது டிரைவர் இஷ்டம். சலூனில், கழுத்தில் கத்தி இருக்கும்போது நிலையத்தை மாற்றச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. இப்படி வேறு வழியின்றிக் கேட்பவர்களையும் கணக்கில் நேயர்கள் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை கூடும்.

எங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை எங்கள் ஊர் எஃப்.எம். சொல்லட்டும், அனுமதி கொடுங்கள். மனம் வரவில்லையென்றால், அடுத்து எதைத் தடுக்கப்போகிறீர்கள் என்பதையாவது முன்கூட்டியே தெரிவியுங்கள். எங்கே மாறுவது என்று இப்போதே பார்த்துவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுகளால் ஊர் ஊராக அலைந்த நேயர்