கராஜுக்குள்ள ஒரு விண்ணாணம்

வா மோனை, வா. உந்தக் கோலத்தோட எங்கை போறாய், சந்திரனுக்கோ? ஓ, கராஜுக்கோ! கார்ச் சில்லு மாத்தப் போறாயாக்கும். ஸ்காபரோவில முக்கால்வாசிப் பேருக்கு ஏற்கெனவே சொல்லிப்போட்டாய், எனக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறாய்?

பற்றரி பூட்டின ஜக்கெற். பற்றரி பூட்டின கையுறை. சொக்ஸுக்கும் பற்றரியாம். மூண்டையும் இரவிரவாச் சார்ஜில போட்டிருக்கிறாய். காரின்ர பற்றரியை ஆரும் எட்டிப் பார்த்தியளோ? மைனஸ் 18 எண்டால் அது தன்ர பெலத்தில கிட்டத்தட்டப் பாதியைத் துலைச்சுப்போட்டுக் கிடக்கும். உன்ர ஜக்கெற் பற்றரி வேற இனந்தான், எண்டாலும் குளிர் பிடிச்சால் அதுவும் சுருண்டு படுக்கும். பிறகு சூடு குடுக்க வந்ததுக்கு ஆர் சூடு குடுக்கிறது?

கடையில குடுக்கிற கூலியை மிச்சம் பிடிக்கத்தானே நீயே மாத்த வெளிக்கிட்டனீ? கூட்டிப் பார், இதுவரைக்கும் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினனீ எண்டு. சுண்டங்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம். அதுவும் எப்ப வாறாய்? வெளியில வெப்பம் 7 பாகைக்குக் கீழ போகேக்கையே கோடை ரயரின்ர றப்பர் இறுகத் தொடங்கிவிடும். கார்த்திகை மாதமே மாத்தியிருந்தால் ஒரு ஸ்வெற்றரோட அலுவல் முடிஞ்சிருக்கும். தை பிறக்கும் வரைக்கும் வீடியோ பார்த்துப்போட்டு, மைனஸ் 20இல ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய். இதுக்குப் பேர் ஆராய்ச்சியோ?

சரி, கராஜைத் திற பாப்பம். ஆத்தே! கதவுக்குக் கீழால என்ர கை போகுதே! அடியில இருக்கிற றப்பர் பட்டை செத்து எத்தினை வருசம்? அதுக்குள்ள போனிலேயே மூட்டி அணைக்கிற ஹீற்றர். வேலி இல்லாத காணிக்குப் படலை பூட்டின கதைதான் உது. சூடான காத்து மேல ஏறிக் கூரையோட நிக்கும். நீ கீழ, சில்லுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டிருப்பாய். ரொறன்ரோ ஆகாசத்தைச் சூடாக்க நீ ஏன் மோனை கறண்ட் பில் கட்டுறாய்?

ரெண்டு ஹீற்றர் வாங்கினனெண்டு வேற பெருமை. ஒவ்வொண்டும் 1500 வாற். இஞ்சை சாதாரண பிளக்குக்கு வாற லைன் 120 வோல்ற், 15 அம்பியர். ஒரு ஹீற்றரே பன்னிரண்டரை அம்பியரை விழுங்கும். ரெண்டாவதைச் செருகினவுடன பிரேக்கர் விழும். ஒரு லைன் போதாதெண்டு சமையலறையில இருந்து நீட்டு வயர் இழுக்கப் போறன் எண்டு சொல்லாதை. வயர் சூடேறி உருகினால் கராஜ் மட்டுமில்லை, வீடே வெக்கையாயிடும்.

வேணுமெண்டால் ஒண்டு வைச்சிரு. ஆளைப் பார்த்துச் செக்கச்செவேலெண்டு எரியிற சாதி நல்லது. அது காத்தை விட்டுப்போட்டு நேர உன்னைச் சுடவைக்கும். ஆனால் பெற்றோல் கான் இருக்கிற இடத்தில அதைக் கொளுத்தாதை. பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், நிலத்தோட நிலமா ஊர்ந்து வரும். புல்லு வெட்டுற மெசினும் உதுக்குள்ளதானே நிக்குது?

அங்கால மூலைக்கை என்ன, பாபகியூ அடுப்போ? கரி போட்டுக் குளிர் காயலாமெண்டு ஆர் சொன்னது? கேள். கரி எரிஞ்சாலும் காரை ஸ்ராட் பண்ணி விட்டாலும் வாறது காபன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை. இருமக்கூட விடாது. தலையிடிக்குது, நித்திரை வருகுது எண்டு நினைப்பாய். பிறகு நினைக்க ஆளிருக்காது. கதவைத் திறந்துதானே வைச்சிருக்கிறன் எண்டு நியாயம் கதையாதை. கராஜ் ஒட்டின வீடுகளில படுக்கையறைக்குப் பக்கத்தில அதுக்கொரு அலாரம் இருக்கவேணுமெண்டு 2014இலையே ஒன்ராறியோவில சட்டம் வந்திட்டுது. நீ என்ன செய்தனீ? இரவில கீச்சிடுதெண்டு பற்றரியைக் கழட்டி ஜக்கெற் றிமோட்டுக்குப் போட்டனீ. கெட்டிக்காரன்!

ஒரு பெக் போட்டால் குளிர் தெரியாதோ? தெரியாதுதான். தோல் சூடாக் கிடக்கும், உள்ளுக்குள்ள இருக்கிற சூடு அந்தத் தோலாலேயே வெளியேறும். அதோட ஜாக்கிக்குப் பக்கத்தில வெறிகாரனோ? எழும்படா! மனிசியிட்டைச் சொல்லி வேர்க்கொம்பு போட்ட கோப்பி வாங்கிக் குடி.

இப்ப உந்தச் சந்திரமண்டல உடுப்பைக் கழட்டு. உள்ளுக்கை என்ன, பருத்தி பெனியனோ? யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பருத்தி ராசா. இஞ்சை அது வேர்வையைக் குடிச்சுப்போட்டு ஈரச்சாக்கா முதுகில ஒட்டும். கம்பளி போடு, ஈரமானாலும் கொஞ்சம் சூடு பிடிச்சு வைச்சிருக்கும். மேல ஒண்டுக்கு மேல ஒண்டா மெல்லிசாப் போடு. உடம்பு சூடேற ஒண்டைக் கழட்டு. வேர்க்க முந்தியே கழட்டு. விரல் விறைக்குதோ? நடுவுடம்பு குளிர்ந்தால் உடம்பு கைகாலுக்குப் போற இரத்தத்தைக் குறைச்சுப்போடும். அதால வயிறும் நெஞ்சும் சூடா இருக்கட்டும், விரல் தானா வழிக்கு வரும். தலைக்கு ஒரு தொப்பி. கையுக்கு மெல்லிய கையுறை. தடிச்சதைப் போட்டுக்கொண்டு நட்டு எங்கை, விரல் எங்கையெண்டு தடவுவியோ? இரும்புச் சாமானுகளை இரவே வீட்டுக்குள்ள வைச்சிருந்தால் இப்ப தொட்டவுடன கை கடிக்காது.

எல்லாத்தையும் விடக் கள்ளன் உந்தச் சீமெந்து நிலம். காலால சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீ மேல ஜக்கெற் மேல ஜக்கெற் போட்டுக்கொண்டிருப்பாய். ரெண்டு ஹீற்றரும் வந்த காட்போட் பெட்டி எங்கை? எறிஞ்சுபோட்டியோ? இருக்கோ? கொண்டா. விரி. ரெண்டு மடிப்பாப் போடு. நில்லு பாப்பம். எப்பிடி? ஹீற்றர் வாங்கினதில ஒரு பிரயோசனம் இருக்கத்தான் செய்யுது.

அந்தக் கதவிடைக்குத் துவாயைச் சுருட்டிச் செருகு. நாளைக்குக் கடைக்குப் போய்ப் புதுப் பட்டை வாங்கு, கராஜ்க் கதவுக்கெண்டு கேள். விண்ணாணமான சாமான் காட்டுவான்கள், பார்க்காமல் வா.

ஜாக்கியை ஏத்த முந்தி நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்து. ஓம், சில்லு நிலத்தில இருக்கேக்கையே. அது ஏனெண்டு வீடியோவில சொல்லேல்லையோ? பூட்டி முடிச்சு ஒரு நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நட்டை இன்னொருக்கா இறுக்கிப் பார்க்கவேணும். அதுக்கு வெளிக்கிடுறதெண்டால் முதல் நாளே சொல்லு மோனை, உன்ர சொக்ஸுகளைச் சார்ஜில போடவேணுமெல்லே?