தேனிலவுக் கோப்பு: ரயில்வேக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஒருவரும் அவர் மனைவியும், வடலூர், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
ரயில்வே அமைச்சகம், ரயில் பவன், புதுதில்லி.

பொருள்: கல்யாண நாள் பயணம் – மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை – 20.03.2020 முதல் நிறுத்தப்பட்டது – மனைவியின் பங்கையாவது திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படியாரின் வாய்மொழி நினைவூட்டுகள், 1987 முதல் நாளது தேதி வரை.

ஐயா,

பார்வையில் கண்ட நினைவூட்டுகள் மீது இதுநாள் வரை நடவடிக்கை ஏதும் இல்லாததால், அவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும்படி மேற்படியார் உத்தரவிட்டுள்ளார். மேற்படியார் என்பது என் மனைவி. தாலுகா ஆபீசில் மனு வாங்கியும் மனுவைத் திருப்பியும் காலம் கழித்தவன் நான். கட்டியவளையே அப்படிக் குறிப்பிட்டால்தான் எனக்குப் பேனா ஓடுகிறது.

எங்கள் கல்யாணம் 1987 ஆவணியில் திருவந்திபுரத்தில் நடந்தது. கடலூர்ப் பக்கத்தார் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள் என்றால் நூறு ஜோடி வரிசையில் நிற்கும். ஒரு நாதஸ்வரம் நம்முடையதா பக்கத்து மாப்பிள்ளையுடையதா என்று தெரிவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். படியிறங்கும்போது நம்மோடு வருவது நம் பெண்தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து நடைமுறை. நானும் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டரில் தாஜ்மஹால் படம். மேற்படியார் அதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, ஷாஜகான் பொண்டாட்டி செத்த பிறகுதான் செலவு பண்ணாரு. நீங்க முன்னாடியே ஒரு டிக்கெட் எடுத்துடுங்க” என்றார். கோப்பு அன்று திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டியில் இரண்டு ராத்திரி, பிறகு ஆக்ரா. அவ்வளவுதான் கோரிக்கை.

ஏன் போகவில்லை என்று தணிக்கையில் கேட்பீர்கள். முதலில் பிள்ளைகள், பிறகு வீட்டுக் கடன், அதன்பிறகு வங்காள விரிகுடா. பள்ளிக்கூட அரையாண்டு லீவில் போகலாம் என்று டிசம்பரைக் குறித்து வைத்தது எங்கள் கிரகம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்றுகொண்டு லீவு விண்ணப்பம் எழுத யாருக்கு மனசு வரும்? 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் மல்லாந்து கிடந்தன. பாட்டன் நட்ட பலாமரத்தடியில் பேரன் பேச்சில்லாமல் நிற்க, வேரோடு சாய்ந்ததா, கிளை மட்டும் முறிந்ததா என்று நாங்கள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். 2015 நவம்பரில் தொடங்கிய வெள்ளம் டிசம்பர் வரை வடியவில்லை. வருவாய்த்துறையில் இருப்பவனுக்கு இயற்கைச் சீற்றம் என்பது லீவு ரத்து என்பதன் இன்னொரு பெயர். இதில் எந்த அலுவலர் மீதும் எனக்குப் புகார் இல்லை.

2018இல் 58 வயதில் ஓய்வு. அன்று மாலை, சால்வையும் மாலையுமாக வீட்டுக்குள் நுழைந்தவனிடம் மேற்படியார் தங்கள் விதிகளை ஒப்பித்தார். ஆணுக்கு 60 வயதானால் 40 சதவீதச் சலுகை, பெண்ணுக்கு 58 ஆனால் 50 சதவீதம். “இன்னும் ரெண்டு வருஷம்தான். சலுகை வந்ததும் சேர்ந்து போயிடலாம்.” இத்தனை வருஷம் பொறுத்த எங்களுக்கு இரண்டு வருஷம் ஒரு பொருட்டா?

எனக்கு அறுபது நிறைந்தது 2020 ஏப்ரலில். தாங்கள் சலுகையை நிறுத்தியது 2020 மார்ச் 20. இந்த நேர்த்தியைப் பாராட்ட எனக்குச் சொற்கள் இல்லை. திருக்கடையூரில் செய்வதாக இருந்த அறுபதாம் கல்யாணமும் ஊரடங்கில் போயிற்று என்பதால், அமிர்தகடேஸ்வரரும் அமைச்சகமும் கலந்து பேசித்தான் முடிவெடுத்தார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் எழுந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் முதியவர்கள் ரயிலேறாமல் இருப்பது நல்லது என்றீர்கள். நியாயம். தாத்தா வெளியே போய்விடக் கூடாது என்று பேரன் செருப்பை ஒளித்து வைக்கிற மாதிரியான அக்கறை அது. நோய் போய்விட்டது, ரயில்கள் பழையபடி ஓடுகின்றன, செருப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது சலுகையைத் திரும்பத் தரலாமே என்று பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரின் மனு, இது அரசின் கொள்கை முடிவு என்று 2023 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஆகவே கொள்கை முடிவெடுக்கும் இடத்துக்கே எழுதுகிறேன்.

தங்கள் தரப்பு விளக்கத்தையும் படித்தேன். 2022–23 கணக்குப்படி, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறீர்களாம். ஆக ஒவ்வொரு பயணிக்கும் 46 சதவீதச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஓராண்டில் மட்டும் இப்படிக் கொடுத்தது 56,993 கோடி ரூபாய். இதை மேற்படியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். “உங்களுக்கு 40, எனக்கு 50. கூட்டிப் பாதியாக்கினா 45. இப்ப 46 தர்றாங்களா? அப்ப சலுகையை எடுத்ததுல நமக்கு ஒரு சதவீதம் லாபங்க!” அந்த ஒரு சதவீதத்துக்கு எங்கள் இருவரின் நன்றியையும் பதிவு செய்துகொள்ளவும்.

டிக்கெட்டிலேயே இதே மாதிரி ஒரு கணக்கை அச்சடிக்கிறீர்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலிக்கிறோம் என்று ஒரு வரி. வடலூர்க்காரர்களிடம் இதைக் காட்டியிருக்க வேண்டாம். வள்ளலார் 1867 மே 23 அன்று இங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வந்தவரிடம் வயதுச் சான்று கேட்பதில்லை, சோற்றுக்குப் பக்கத்தில் அரிசி விலையை எழுதி வைப்பதும் இல்லை. இத்தனைக்கும் தாங்கள் எங்கள் அடுப்புக்கு மூத்தவர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி விட்டது 1856இல். பதினோரு வருஷம் பெரியவர் என்ற மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

தாங்கள் ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். 45 வயது தாண்டிய பெண்ணுக்கும் 60 தாண்டிய ஆணுக்கும் இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை ஒதுக்குகிறீர்கள். எங்கள் முழங்கால்களுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது. பணப்பைக்குத்தான் இல்லை.

சலுகையை நிறுத்துவதற்குச் சில வருஷங்கள் முன்பு முன்பதிவின்போது ஒரு கேள்வி வைத்தீர்களே, மூத்த குடிமக்கள் தங்கள் சலுகையை விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கலாம் என்று? அது அபாரமான யோசனை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களிடம் போய் விட்டுக்கொடுக்கச் சொன்னீர்கள். அதைத் தவிர வேறென்ன செய்துகொண்டிருந்தோம்? மீன் குழம்பில் தலையை, டிவியில் சேனலை, பஸ்ஸில் ஜன்னலோரத்தை, வருஷா வருஷம் ஆக்ராவை. ஆனாலும் போதுமான பேர் தாமாக விட்டுக்கொடுக்கவில்லை என்றோ என்னவோ, தாங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

தம்பதிப் பயணத்தைத் தாங்கள் அடியோடு மறந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இலவசமாகப் போகலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போனால் இரண்டடுக்கு ஏசி, தனியாகப் போனால் முதல் வகுப்பு ஏசி. மனைவியைக் கூட்டிப்போவதா, ஒரு வகுப்பு மேலே போவதா என்று ஒரு மனிதரை இவ்வளவு நாசூக்காகச் சோதிக்கும் விதி வேறு எந்த நாட்டிலாவது உண்டா என்று தெரியவில்லை. எங்களுக்கு அப்படிச் சோதனை ஏதும் வைக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குக் கிடைத்த கணக்குப்படி, 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி வரை மூத்த குடிமக்கள் பயணம் 31.35 கோடி. சலுகையை எடுத்ததால் தங்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்தது 8,913 கோடி ரூபாய். எல்லாரும் இந்த ரூபாயைத்தான் பேசுகிறார்கள். பழைய குமாஸ்தா என்பதால் என் கண் அடுத்த பத்திக்குப் போயிற்று. ஆண்கள் சுமார் 18.27 கோடி, பெண்கள் சுமார் 13.06 கோடி. அறுபது வயதுக்கு மேல் இந்த நாட்டில் எண்ணிக்கையில் அதிகம் பெண்கள்தான். அவர்களை 58இலிருந்தே கணக்கில் சேர்த்தும், வண்டியில் ஐந்து கோடி குறைகிறது. அந்த ஐந்து கோடி எங்கே? வீட்டில். வாசல்வரை வந்து, “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. இந்த வித்தியாசம் சலுகை இருந்தபோதும் இருந்திருக்கும். அதைக் குறைக்கக் கையில் இருந்த ஒரு வழியை எடுத்துவிட்டீர்கள் என்பதுதான் என் வாதம்.

எங்கள் தலைமுறைப் பெண்களைத் தங்களுக்குத் தெரியாது. மகள் பிரசவம், அண்ணன் வீட்டுச் சாவு, பேரன் காதுகுத்து என்றால் முழு டிக்கெட்டென்ன, தட்கலிலும் போவார்கள். தனக்காக, சும்மா ஊர் பார்க்க என்றால் கை வராது. “எனக்கெதுக்குங்க அவ்ளோ காசு?” இந்த ஒரு கேள்விக்கு என் போன்றவர்களிடம் இருந்த ஒரே பதில், “உனக்குப் பாதி டிக்கெட்தான்டி” என்பது. பாதி விலை என்றால் கணக்கு மாறிவிடும். போகாமல் இருப்பதுதான் நஷ்டம் என்று தோன்றும், பெட்டியைக் கீழே இறக்குவார்கள். தாங்கள் அதை மானியம் என்ற தலைப்பில் எழுதி வைத்தீர்கள். நான் அதை வைத்துத்தான் மேற்படியாரை வீட்டைவிட்டுக் கிளப்பலாம் என்று இருந்தேன்.

கிளப்பியும் காட்டினேன், தங்கள் உதவியில்லாமல். போன ஆவணியில், கல்யாண நாள் கழிந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகு, இருவரும் பிச்சாவரம் போனோம். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். நடராஜரைப் பார்த்துவிட்டு இட்லியும் கொத்சும். கத்திரிக்காய் குழைந்த அந்தக் கொத்சுக்காக இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம், இதே பெண்ணை. அங்கிருந்து டவுன் பஸ். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் அவருக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், எனக்குக் காசு வாங்கினார். மேற்படியார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். “ரெண்டு பேருக்குப் பாதிதான் ஆச்சு. பாருங்க, டெல்லிக்காரன் குடுக்காததை டவுன் பஸ்காரன் குடுத்துட்டான்.”

படகுத்துறையில் பட்டுப்புடவை மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டினார்கள். கொக்கி முந்தானையில் சிக்கியது. அதை விடுவிக்க நான் குனிந்தபோது, கல்யாணத்தில் மாலை சிக்கியதை நினைத்தோ என்னவோ, சிரித்தார். படகு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. “தலையக் குனிஞ்சுக்கங்கம்மா” என்றார் துடுப்புப் போட்டவர். இதயக்கனி படம் இங்கேதான் எடுத்தது, எம்ஜிஆர் வந்தார் என்றும் சொன்னார். அந்தப் படம் வந்தது 1975இல். “நமக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே எம்ஜிஆர் இங்க வந்துட்டுப் போயிட்டாரு. நாம பக்கத்துல இருந்துக்கிட்டு இப்பத்தான் வர்றோம்” என்றார் மேற்படியார். அதில் குறை தொனித்ததா என்று நான் துருவவில்லை. தண்ணீரில் கைவிட்டு அளைந்துகொண்டே, “தாஜ்மஹாலும் ஆத்தங்கரைலதானேங்க இருக்கு?” என்று கேட்டார். கோப்பு முடிக்கப்படவில்லை என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

ஆகவே தங்கள் சமூகத்துக்குப் பணிவான விண்ணப்பம். எனக்குரிய 40 சதவீதத்தை நான் இதன்மூலம் எழுத்துப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். முன்பதிவில் விட்டுக்கொடுக்கும் அந்தக் கட்டத்தைத் திரும்ப வைத்தால் முதல் ஆளாக டிக் அடிக்கிறேன். மேற்படியாருக்குரிய 50 சதவீதத்தை மட்டும், ஸ்லீப்பர் வகுப்பில் மட்டும், 58 வயது தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் திருப்பித் தரவும். கணவன் கூட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எத்தனையோ பேருக்கு அவர் இப்போது இல்லை.

முன்பதிவுக் காலத்தைத் தாங்கள் 2024 நவம்பரிலிருந்து 120 நாளை 60 நாளாகக் குறைத்திருக்கிறீர்கள். டிசம்பரை நாங்கள் இனி நம்புவதாக இல்லை, வரும் ஆவணியிலேயே கிளம்புகிறோம். எனவே ஆணை ஆனி மாதத்துக்குள் வந்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
கணவன்.
(மேற்படியார் படித்துப் பார்த்து, “கொத்சு பத்தி எழுதினது சரி, மத்ததச் சுருக்கியிருக்கலாம்” என்று குறிப்பெழுதி ஒப்பமிட்டுள்ளார்.)