பழவேற்காட்டுப் பாம்புகளின் சட்டைச் சிக்கல்: ஒரு முன்னாய்வு

பாம்பு தன் சட்டையைத் தானே கழற்றிக்கொள்ளும் என்பது ஊரறிந்த செய்தி. கழற்ற முடியாமல் தவிக்கும்போது யார் உதவுவது, எப்படி உதவுவது, முதலில் உதவலாமா என்னும் வினாக்களைப் புலவர்கள் கண்டுகொள்ளவில்லை. பொருநராற்றுப்படையைப் பாடியவர், கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த மெல்லிய ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டார். அந்த உரி முழுதாக வந்ததா, துண்டு துண்டாக வந்ததா, வால் நுனியில் மிச்சம் ஒட்டியிருந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. ஆடை கிடைத்த மகிழ்ச்சியில் ஆடை தந்த உயிரை மறப்பது மனித இயல்பு. இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலுவையில் கிடக்கும் அந்தக் கடனைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது.

களமாகப் பழவேற்காடு தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு வலுவான காரணம் உண்டு. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் மசாலாப் பொருளுக்கு மாற்றினார்கள். பாளையக்காட்டு லுங்கியின் பூர்விகமும் இந்த ஊர்தான். உலகத்துக்கே உடுத்திவிட்ட ஊரில், உடுத்தியதை வேலியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் குடிகளை ஆராய்வது முறைதானே. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தோலுரிப்பதில் கரைகண்டவர்கள் அந்த எலும்புக்கூட்டார்தாம். ஆனாலும் ஊர்வன வகுப்பில் சேராததால் ஆய்வெல்லைக்கு வெளியே விடப்பட்டனர்.

ஆய்வுப் பொருள் வளர்ப்புப் பாம்பு. களத்தில் இறங்கியதும் முதல் இடர் இங்கேதான் வந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என எங்கே கேட்டாலும் பாம்பு வளர்ப்பவர் என்று ஒருவரும் இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் (இனி இவர் ‘முதன்மைத் தகவலாளர்’) ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “பாம்ப எதுக்கு சார் வளக்கணும்? அதுவே வளந்துதான வருது.” சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பையோ சாரையையோ பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம்.

ஆயினும் வளர்ப்பு என்பதைச் சற்று விரித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. கருவாடு காயும் இடத்துக்கு எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. தங்குவதற்குக் கவிழ்த்துப் போட்ட படகு, விறகுக் குவியல், பழைய வலைமூட்டை. வேப்பமரத்தடிப் புற்றில் வெள்ளிதோறும் பால். அந்தப் பால் பாம்புக்கு உணவாகாது. புற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். உணவும் உறைவிடமும் கொடுத்துவிட்டு “நாங்கள் வளர்க்கவில்லை” என்பது ஒருவகை அடக்கம் என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

இனி உரிக்கும் முறை. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர் சுரக்கிறது. நிறம் மங்குகிறது. பாம்புக்கு இமை கிடையாது; கண்மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் மட்டுமே உண்டு. அதுவும் பால்நீலமாகிவிடுவதால் சில நாள் பார்வை மங்கி, இரை தேடாமல், யார் வந்தாலும் சீறிக்கொண்டு மறைவிடத்தில் கிடக்கும். பிறகு கண் தெளியும். தெளிந்த சில நாளில் மூக்கைச் சொரசொரப்பான எதிலாவது தேய்த்து உதட்டோரத் தோலைக் கிளப்பி, வியர்வையில் ஒட்டிய பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியே வர முழுதாகக் கழற்றிவிட்டுப் போகும். கண்செதில்கூட அந்தச் சட்டையில் சிறு குமிழியாகப் பதிந்திருக்கும். தோல் இழுபட்டு நீள்வதால் சட்டை எப்போதும் அதை அணிந்தவரைவிட நீளம். கிடைத்த சட்டையை அளந்து “ஆறடிப் பாம்பு” என்று தேநீர்க் கடையில் அறிவிக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கல் எப்போது வருகிறது? காற்றில் ஈரம் குறையும்போது. உடலில் நீர் வற்றும்போது. தோலில் உண்ணி ஏறினால், பழைய காயத்தின் தழும்பிருந்தால், நோயுற்றால், போதிய இரை இல்லாவிட்டால், தேய்த்துக்கொள்ள ஒரு முரட்டுப் பொருள் இல்லாவிட்டால். இப்பட்டியலோடு பழவேற்காட்டைச் சுற்றி வந்தபோது இவ்வாய்வாளர் பெருத்த ஏமாற்றம் அடைந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வேலியெல்லாம் பனைமட்டை. அதன் கருக்கு மனிதக் கையைக் கிழிக்கும், பாம்பின் மூக்குக்கோ வரம். மீனவர்கள் ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலைகட்ட வேண்டும் என்பதைப் பாடு முறையில், சீட்டுப் போட்டு, முறைவைத்து முடிவு செய்கிறார்கள். பாம்புகள் அதே வேலியைச் சீட்டும் இல்லாமல் சண்டையும் இல்லாமல் பகிர்ந்துகொள்கின்றன.

சிக்கல் உள்ள இடம் தெற்கே, சென்னை அடுக்ககங்களில் இருக்கிறது. அங்கே வளர்வது மலைப்பாம்பின் ஆப்பிரிக்கச் சிற்றுறவான பால் பைத்தான், அமெரிக்கச் சோளப்பாம்பு முதலிய அயலூர்க்காரர்கள். அவை வரும் வழி சில நேரம் சுங்கத் துறைக்கும் தெரிந்துவிடுகிறது. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. முறையாக வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துவிட்டன. பதிவெல்லாம் முடிந்து, கண்ணாடித் தொட்டியில் குடியேறி, குளிர்சாதனக் காற்றில் நாலு நாள் கிடந்ததும் தோல் வறள்கிறது. சட்டை கந்தல் கந்தலாகப் பிய்கிறது. உரிமையாளர் பதறிப்போய் ஈரமானி வாங்குகிறார். நீர் தெளிக்கும் குப்பி வாங்குகிறார். பாசி நிரப்பிய டப்பா, குளிக்க அகன்ற தட்டு, தேய்த்துக்கொள்ள ஒரு முரட்டுக் கட்டை என்று செலவு ஏறுகிறது. இத்தனையும் கூட்டிப் பார்த்தால் அவர் கட்ட முயல்வது ஒரு சிறிய பழவேற்காட்டைத்தான். ஏரிக்கு வரும் பூநாரை மட்டும் தொட்டிக்குள் அடங்கவில்லை.

சிகிச்சையில் அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பிடித்து இழு என்பது முதல் அணி. ஆர்வமும் அவசரமும் உள்ளவர்கள் இதில் சேருகிறார்கள். இவர்கள் முள்வாங்கியை எடுத்தால் தடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கண்செதிலைப் பிடுங்கினால் அடியிலுள்ள கண்ணே போய்விடலாம். மாறாக, வால் நுனியில் வளையமாக இறுகிய தோலை அப்படியே விட்டாலும் ஆபத்து: இரத்தம் ஓடாமல் நுனி கருகி உதிர்ந்துவிடும். நடுவழி எளிது. சூடு உறைக்காத வெதுவெதுப்பான நீரை ஆழமில்லாத தட்டில் ஊற்றி, பாம்பை அதில் சிறிது நேரம் விட வேண்டும். தலை மூழ்காமல், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பிறகு ஈரத்துண்டின் மடிப்புகளுக்குள் ஊர விட்டால் மிச்சத் தோலைத் துண்டே வாங்கிக்கொள்ளும். அடுத்த முறையும் சட்டை சிக்கினாலோ கண்செதில் தங்கிவிட்டாலோ, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது அணி, சும்மா இரு என்பது. சைவம் பல நூற்றாண்டாக வற்புறுத்தி வந்தும் தமிழர்களால் முழுதாகக் கைக்கொள்ள முடியாத இந்த உயர்நிலையைப் பாம்பு விஷயத்தில் முதன்மைத் தகவலாளர் அனாயாசமாக எட்டியிருந்தார். வலைமூட்டையில் கண் மங்கிய பாம்பு கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “அன்னிக்கு வேற வலை எடுத்துக்குவோம் சார்” என்றார்.

ஏரியில் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர்கள் இந்தத் துறையின் மூத்த அறிஞர்கள். அவர்களின் உறவினர் கூட்டமொன்று சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காதிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இடுவது வழக்கம். சட்டை உரிக்க உரிக்க அது மறையும். இச்சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதே மக்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். கைப்பைக்கும் செருப்புக்குமாக, பாம்புக்கு இருந்த சட்டைச் சிக்கல் அனைத்தையும் உயிரோடு சேர்த்தே தீர்த்துவைத்த காலம் அது. சட்டம் வந்து அந்த உதவியை நிறுத்தியது.

கடல்பாம்பின் நிலை வேறு. கடலின் நடுவே தேய்த்துக்கொள்ளப் பனைமட்டை ஏது? உடலில் பாசியும் சிறு சிப்பிகளும் ஒட்டுவதால் அது தரைப்பாம்பைவிட அடிக்கடி, இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறைகூட, சட்டை மாற்றுகிறது. சில வகைகள் உடலையே முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குள் தம்மைத் தாமே உருவிக்கொள்கின்றன. வலையில் ஏறினால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல்பாம்பின் கடிக்கு அது உதவாது.

பழவேற்காட்டுக்கு நற்சான்று கொடுத்து முடிக்கவிருந்த நேரத்தில் கண்ணில் பட்டது நைலான் இழையாலான தங்கூசி வலை. கிழிந்ததும் கரையில் வீசி எறிகிறார்கள். மக்கும் சாதியல்ல அது. நுழைந்த பாம்பு முன்னேறவும் முடியாமல், செதில் எதிர்ப்பதால் பின்வாங்கவும் முடியாமல் இறுகிக்கொள்கிறது. தப்பினாலும் அறுபட்ட இடத்தில் தழும்பு ஏறும். அடுத்தடுத்த சட்டைகள் அங்கேதான் சிக்கும். ஈரமும் கருக்கும் எலியும் தாராளமாகக் கொடுக்கும் ஊர் இந்த ஓரிடத்தில் தோற்கிறது.

எனவே குப்பத்து வாசகர்களுக்கு: பழைய தங்கூசியைச் சுருட்டி மூட்டை கட்டிக் கொடுத்துவிடுங்கள், கரையில் விடாதீர்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காமல், தொடாமல், தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். சட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். தீயணைப்புத் துறை சலவைக்கு வருவதில்லை.