துருதான் சார் புடிச்சினு இருக்கு

தரமணியில் சொந்தமாகக் கார் ஷெட் வைத்திருப்பவன் அதில் வண்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் தெருவின் ஏகமனதான அபிப்பிராயம். 2000இல் டைடல் பார்க் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சதுர அடியும் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறது. ஷட்டர் போட்டால் ஜெராக்ஸ் கடை, ஒரு பாத்ரூம் சேர்த்தால் இரண்டு ஐ.டி. பையன்கள், அடுப்பு வைத்தால் பரோட்டா. இத்தனை யோகத்தையும் உதறிவிட்டு நான் என் ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் 20 வேனை நிறுத்தியிருக்கிறேன். 1974 மாடல். நிற்பதைத் தவிர அதற்கு இப்போதைக்கு வேறெதுவும் தெரியாது.

இளைய வாசகர்களுக்காக: வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனி கார் செய்துகொண்டிருந்தது. 1961இலிருந்து ஹெரால்டு, 1972இல் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000. கடைசியில் சொன்னது ரோவர் காரின் ஒய்யாரமான பாடிக்குள் வேன்கார்டு காலத்துக் கிழட்டு இன்ஜினை வைத்தது. மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டெல்லாம் பிரமாதம், மாடி ஏறச் சொன்னால்தான் மூச்சு வாங்கும். 1988இல் உற்பத்தியே நின்றுபோனது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி ஸ்டாண்டர்ட் என்ற பெயரை 1963லேயே தலைமுழுகிவிட்டது. அதற்கப்புறமும் இருபத்தைந்து வருஷம் அந்தப் பெயரைக் காப்பாற்றியது வண்டலூர்தான்.

நம் வேனின் மூலம் தாய்க் கம்பெனியின் அட்லஸ் வேன். 1958இல் அங்கே வந்தபோது அதற்கு வைத்த இன்ஜின் 948 சி.சி. இன்றைய ஆல்டோ கே10 இன்ஜின்கூட அதைவிடப் பெரியது. அதைக் கொண்டு மூட்டை மூட்டையாகச் சாமான் இழுக்கலாம் என்று நம்பிய அந்த வெள்ளைக்காரர்களின் தன்னம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. பிற்பாடு பெரிய இன்ஜின் வந்தது. அது உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் மாறவில்லை. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு தகர மூடி, மூடிக்குக் கீழே இன்ஜின். இங்கிலாந்துக் குளிருக்கு அது கணப்பு. மெட்ராஸ் மே மாதத்தில் டிரைவரின் இடது தொடை தனியாக வேகும்.

"ஹெரால்டு வாங்கியிருக்கலாமே" என்று கேட்காதவர் இல்லை. வாங்கலாம். ஹெரால்டை வைத்திருந்த டாக்டரும் வக்கீலும் ஞாயிற்றுக்கிழமை துடைத்து, துணி போட்டு மூடி, பேரனுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் இன்றைக்கும் ராலியில் மாலை போட்டுக்கொண்டு வருகிறது. வேனை யார் துடைத்தார்கள்? அது சரக்கு ஏற்றியது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது, கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் ஏற்றியது. ஓடுகிற வரைக்கும் ஓட்டிவிட்டு நின்ற மறுநாள் காயலான் கடையில் எடைக்குப் போட்டார்கள். உழைத்த வண்டி சாகும், உட்கார்ந்து தின்ற வண்டி பிழைக்கும். இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்கத்தான் வேன் வாங்கினேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். விலை மலிவாக இருந்ததும் ஒரு காரணம்.

டிங்கரிங் பார்க்க வந்த பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். கதவின் கீழ்ப்பக்கத்தை விரல் கணுவால் தட்டினார். தகடு 'டங்' என்று சொல்லவேண்டும், 'பொத்' என்றது. ஸ்குரூடிரைவரை எடுத்து லேசாக வைத்தார். அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது.

"சார், துருதான் சார் இந்த வண்டியப் புடிச்சினு இருக்கு. அத்த சொரண்டிட்டா வண்டி கீய வுயுந்துரும்."

சுரண்டினோம். மேலே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே பள்ளிக்கூட மஞ்சள், பிறகு அரை அங்குலத்துக்குப் பட்டி. பட்டியை உளியால் பெயர்த்ததும் உள்ளே பளிச்சென்று இன்னொரு மஞ்சள், அதில் ஒரு பச்சைப் பனைமரம். டால்டா டின்! யாரோ ஒரு புண்ணியவான் டின்னை வெட்டி விரித்து, ஓட்டையின் மேல் ரிவிட் அடித்து, பட்டி பூசி, பெயிண்டும் அடித்திருக்கிறார். டின் தகட்டுக்கு வெள்ளீயப் பூச்சு உண்டு. வண்டி முழுக்க அரித்துப்போயிருக்க, அந்தப் பனைமரம் மட்டும் ஒரு புள்ளித் துரு இல்லாமல் நின்றது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்து, "வேலக்காரன் சார்" என்றார். என் வேலையைப் பற்றி அவர் இதுவரை அப்படி எதுவும் சொன்னதில்லை.

துருவுக்குத் தரமணியைவிடத் தோதான ஊர் கிடையாது. திருவான்மியூர்க் கடற்கரை மூன்று நான்கு கிலோமீட்டர்தான். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும், உப்பியது உதிரும், அடியிலிருக்கும் புது இரும்பு காற்றைப் பார்க்கும், மறுபடி முதலிலிருந்து. இந்த அரிப்பையே ஆராய்ச்சி செய்கிற காரைக்குடி சிக்ரி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு எங்கள் தரமணி சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் ஒருபக்கம் ஆராய்கிறார்கள், என் ஷெட்டில் ஒருபக்கம் அரிக்கிறது. டெல்லி மெஹரோலி இரும்புத்தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமாக மழையில் நின்றும் கெடாமல் இருப்பதற்கு அந்த இரும்பிலிருக்கும் பாஸ்பரஸ்தான் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். அதைப் படித்த தெம்பில் நானும் பாஸ்பாரிக் அமிலம் வாங்கி வந்து பூசினேன். துரு கறுத்து, இரும்பு பாஸ்பேட்டாக இறுகுகிறது. ஆயிரத்து அறுநூறு வருஷம் வேண்டாம், அடுத்த வடகிழக்குப் பருவமழையைத் தாண்டினால் போதும்.

அடுத்த தொல்லை ஸ்பேனர். இந்த வண்டியின் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். இன்றைய செட்டில் இருப்பது 13. நடுவில் இருக்கும் 0.3 மில்லிமீட்டர், காகிதத்தில் பார்த்தால் தூசு. துருப்பிடித்த போல்ட்டில் மாட்டி முழு பலத்தையும் கொடுத்தால் அந்தத் தூசுதான் ஸ்பேனரை வழுக்கவைத்து, போல்ட்டின் ஆறு மூலையையும் மழித்து, நம் கை முட்டியைக் கொண்டுபோய்ச் சேசிஸில் மோதவைக்கும். அப்போது வாயில் வருவதை அச்சடிக்க இந்தப் பத்திரிகை சம்மதிக்காது.

உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனேன். கூவம் ஓரத்தில் கதவு ஒரு தெரு, இன்ஜின் ஒரு தெரு என்று குவித்து வைத்திருக்கிற அந்த ஊரில் கிடைக்காதது இல்லை என்பார்கள். பெயரைச் சொன்னதும் கடைக்கார பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஸ்டாண்டர்டு வேனா? அதெல்லாம் உருக்கி கம்பி ஆக்கிட்டாங்க சார். உங்க ஏரியாவுல பெரிய பெரிய பில்டிங் இருக்குல்ல, அதுக்குள்ளதான் இருக்கும். தோண்டிப் பாருங்க." அன்றிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் போகும்போதெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வீட்டில் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. கணக்குதான் கேட்கிறார்கள். ஷெட்டின் மாத வாடகை எவ்வளவு வந்திருக்கும் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொகை ஏறிக்கொண்டே போகிறது. துரு எடுக்க மின்பகுப்பு வைப்பதற்கு நான் எடுத்துப்போன வாளியும் சலவைச் சோடாவும் அதே பக்கத்தில் தனியாகப் பற்று எழுதப்பட்டிருக்கின்றன.

"ஏங்க, இது ஓடுச்சுன்னா நாம எங்க போவோம்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

நியாயமான கேள்வி என்பதால் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போட்டுக்கொள்ளலாம். கண்காட்சிக்கு, ராலிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க ரோட்டில் எடுக்கலாம். அன்றாட உபயோகத்துக்கும் தொழிலுக்கும் கூடாது.

"அப்ப காய்கறி வாங்கப் போகக் கூடாதா?"

"கூடாது."

"சாமான் ஏத்தக் கூடாதா?"

"கூடாது."

"வேனாச்சேங்க!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கியவனுக்குப் பட்டம் கொடுத்து, இனிமேல் மூட்டையைத் தொட்டால் பட்டம் பறிபோகும் என்கிறார்கள். விதியில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பாடியிலும் சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது. அசல் தகடு முக்கால்வாசி காற்றில் கரைந்துவிட்டது. இப்போது இருப்பதில் பாதி, பெரியவர் வெட்டி வெல்டிங் வைத்த புதுத் தகடு. எனக்குத் தெரிந்து வண்டியின் சரித்திரத்துக்கு உண்மையான சாட்சி அந்த டால்டா பனைமரம் மட்டும்தான். அதை நான் எடுக்கவில்லை. ரெட் ஆக்சைடு அடித்து அப்படியே விட்டிருக்கிறேன்.

இன்ஜின் போன வாரம் இருமியது. பழைய ரப்பர் குழாய்க்கு இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது என்பதால் குழாய்களையெல்லாம் மாற்றியாகிவிட்டது. பிரேக் இனிமேல்தான்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் மரப்பெட்டியிலோ, மூடிக்கிடக்கும் ஏதாவது லேத் பட்டறையின் மூலையிலோ ஸ்டாண்டர்ட் 20 வேனின் பின்விளக்குக் கண்ணாடி கிடந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். இடதுபக்கத்துடையது கிடைத்தால் உத்தமம். விலையை நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மட்டும் போன் செய்ய வேண்டாம்.