ஒண்டுக்குடித்தனம், புதிய பெயரில்

திருவல்லிக்கேணியில் பெரியம்மா குடியிருந்த ஸ்டோரில் எட்டுக் குடித்தனம். ஒரு கிணறு, ஒரே கக்கூஸ். காப்பிப்பொடி கைமாற்று, வாசலுக்கு வரும் ஒரே பேப்பரை எட்டு வீடும் படிக்கும். அன்றைக்கு அதற்குப் பெயர் வறுமை. இன்றைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் அதையே ‘கோ-லிவிங்’ என்கிறார்கள். பொதுச் சமையலறை, பொது வாஷிங் மெஷின், பத்துக்குப் பத்து அறை. வித்தியாசம் ஒன்றுதான்: பெரியம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரரின் சர்க்கரை அளவு வரைக்கும் தெரியும், இங்கே பெயர்கூடத் தெரியாது.

பெரியம்மா வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி. அண்ணன் சட்டை தம்பிக்கு, கிழிந்தால் கரித்துணி. எதையும் தூக்கிப் போட்டதில்லை. மகிழ்ச்சி தராத பொருளை வழியனுப்பச் சொல்கிறார், வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானின் மரி கோண்டோ. பெரியம்மா காதில் விழுந்திருந்தால் முதலில் பெரியப்பாவைத்தான் அனுப்பியிருப்பாள்.

மஞ்சப்பையோடு பஸ் ஏறியவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தவர்கள் நாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வந்தது. என் வீட்டில் இப்போது பதினேழு மஞ்சப்பைகள். அத்தனையும், பையை மறந்து கடைக்குப் போன நாள்களின் நினைவுச்சின்னம்.

பதினெட்டாவது வேண்டாம். கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் பை தொங்கும் ஆணியைப் பாருங்கள்.